கிரீஸ் போடாத வால்வு

ஊசி மேடம் வால்வின் தண்டின் மேல் ஆள்காட்டி விரலால் ஒரு இழுப்பு இழுத்தார். விரலை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். நுனியில் புதுக் கிரீஸ். எனக்குத் தெரியாதா, நேற்று மதியம் சாப்பிட்ட கையோடு வந்து நான் போட்டதுதானே அது!

"இது எப்பப் போட்டது?"

"டெஸ்ட் முடிஞ்ச பிறகு மேடம். எப்பவும் அப்படித்தான்," என்றார் மாப்பிள்ளை.

மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் புருஷன். இந்த அணுமின் நிலையத்தில் சோதனைப் பிரிவுக்குப் பொறுப்பாளர். நான் அவருக்குக் கீழே வால்வு மெக்கானிக். வீட்டில் என்னைக் கண்டால் அவர் எழுந்து நிற்பார், இங்கே அவரைக் கண்டால் நான் எழுந்து நிற்க வேண்டும். பாவம், அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாது. ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் தாளில் கையெழுத்துப் போட்டிருந்தார்: 'வால்வு எதையும் தொடாமல், இருந்த நிலையிலேயே சோதிக்கப்பட்டது.' அவருக்குப் பின்னால் நான் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டு நின்றேன். துடைத்த ஸ்பேனரையே திரும்பத் திரும்பத் துடைத்தேன்.

ஊசி மேடம் பாதுகாப்பு ஆணையத்தின் ஆய்வாளர். எங்கே கை வைத்தாலும் குத்துகிறார் என்று எங்கள் ஆட்கள் வைத்த பெயர் அது. நிலையத்தை நிறுத்தி நாற்பது நாள் ஆயிற்று. எரிபொருள் மாற்றியாகிவிட்டது, பழுது பார்த்தாகிவிட்டது. அவர் தலையசைத்தால்தான் மறுபடி ஓட்டலாம். அன்றைக்கு அவர் தலையசைக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. விரலைத் துணியில் துடைத்துவிட்டு, அந்தத் துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

விஷயம் இவ்வளவுதான். அடித்தளத்தில் ஒரே மாதிரி நான்கு வால்வுகள். உலையிலிருந்து வரும் குழாய் எங்காவது உடைந்தால் அவை தாமாகவே மூடிக்கொள்ள வேண்டும். பத்து நொடிக்குள். ஒன்றரை வருஷத்துக்கு ஒருமுறை வரும் ஒவ்வொரு நிறுத்தத்தின்போதும் மூடிப் பார்த்து நேரம் குறிப்போம். முதலில் சோதனை, அதன் பிறகு கிரீஸ். இதுதான் விதி. பதினோரு வருஷமாக நான் செய்தது தலைகீழ். வேலைக்கு வந்த புதிதில் ஒரு வால்வு கிறீச்சிட்டுக்கொண்டே மூடிப் பன்னிரண்டு நொடி எடுத்துக்கொண்டது. அப்போதிருந்த ஃபோர்மேன் நாலு பேர் முன்னால், "மாடு மேய்க்கப் போகவேண்டியவனெல்லாம் வால்வு பார்க்க வந்துட்டான்"னார். ரோஷம் யாரை விட்டது? அதிலிருந்து சோதனைக்கு முந்தின நாளே யாருக்கும் தெரியாமல் போய், பழைய அழுக்கைச் சுரண்டி, துடைத்து, புதுக் கிரீஸ் பூசிவிட்டு வந்துவிடுவேன். போட்டோ எடுக்கிறார்கள் என்றால் தலை வாரிக்கொள்வதில்லையா, அதுபோலத்தான் நினைத்தேன். என் வால்வுகள் எப்போதும் எட்டு நொடி. ஆட்கள் என்னை வைத்தியர் என்று கூப்பிடுவார்கள். அதில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

கேன்டீனில் மாப்பிள்ளை எதிரே உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன்.

"மாப்ளே, அந்தக் கிரீஸ் நேத்தே போட்டது."

அவர் டம்ளரை வைத்தார். எனக்கு இன்றைக்கும் அந்த முகம் மறக்கவில்லை.

"என்ன மச்சான், தலையில கல்லைத் தூக்கிப் போடுறீங்க? யாரு போடச் சொன்னா?"

"யாரும் சொல்லலை. பதினோரு வருஷமா நானாத்தான் போடுறேன்."

"பதினோரு வருஷமா!" என்று கத்திவிட்டு, சுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "தெரிஞ்சேதான் கையெழுத்துப் போட்டேன்னு எழுதுவாங்க. லைசென்ஸ் போயிடும். குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொல்லுவாங்க. உங்க தங்கச்சிகிட்ட நான் என்னன்னு சொல்றது?"

என் தங்கையின் பேச்சை இழுத்ததும் எனக்குச் சுருக்கென்றது. அவளுக்கு இந்த இடத்தைப் பார்த்து முடித்து வைத்தவனே நான்தான்.

"வாயைத் திறக்காம இருங்க மச்சான். இன்னும் நாலு நாள்ல ஓட ஆரம்பிச்சிடும். எட்டு நொடிதானே ஆச்சு? பாஸ்தானே?"

"கிரீஸ் போட்டதால எட்டு."

"போடாட்டி எவ்வளவு ஆகும்?"

வாயைத் திறந்தேன். ஒன்பது என்று சொல்ல வந்தேன், அது எனக்கே பொய்யாகப் பட்டது. பதினோரு வருஷம் பழகிய வால்வு. கண்ணைக் கட்டிவிட்டால்கூடப் பிரித்துப் பூட்டுவேன். ஒன்றரை வருஷம் தொடாமல் கிடந்துவிட்டு ஒருநாள் திடுக்கென்று மூடச் சொன்னால் மூடுமா மூடாதா என்று எனக்குத் தெரியாது. இந்த நிலையத்தில் யாருக்கும் தெரியாது. தெரியாமல் பண்ணினவன் நான். வைத்தியராம், வைத்தியர்! எனக்கு என் மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அடித்தளத்துக்கு இறங்கிப் போனேன். மறுநாள் சோதிக்க வேண்டியது இரண்டாவது வால்வு. கிரீஸ் டப்பாவைத் திறந்து இரண்டு விரலால் அள்ளியும்விட்டேன். பூசிவிட்டால் நாளைக்கும் எட்டு நொடி. மாப்பிள்ளைக்குக் கையெழுத்து, தங்கைக்கு வீடு, எனக்குப் பெயர். கை போகவில்லை. பயந்துவிட்டேன், அதுதான் நிஜம். அள்ளிய கிரீஸை டப்பாவிலேயே வழித்துப் போட்டு மூடிவிட்டு, நேரே மாடியேறி ஊசி மேடத்தின் அறைக் கதவைத் தட்டினேன்.

நான் சொல்லி முடிக்கும்வரை அவர் பேனாவை எடுக்கவில்லை. அந்தத் துணி மேஜை மேல் கிடந்தது.

"மாப்பிள்ளைக்கு எதுவும் தெரியாது மேடம். தப்பு என்னோடது. என்னை வேலையை விட்டு எடுத்தாலும் சரி, அவரை விட்டுடுங்க."

"எழுத வேண்டியதை எழுதித்தான் ஆகணும்," என்றார். திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது. "நாலுல எதுக்கெல்லாம் போட்டாச்சு?"

"முதல்ல உள்ளதுக்கு மட்டும். ரெண்டாவதுக்கு இப்பப் போட இருந்தேன்."

"தொடாதீங்க. இப்பவே மூடிப் பார்ப்போம்." நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "எட்டு நொடியில மூடிட்டா, உங்க கிரீஸால ஒண்ணும் மறையலைன்னு நானே எழுதறேன். அவருக்கும் அது நல்லது."

அரை மணி நேரத்தில் ஏற்பாடு ஆயிற்று. மேலே கட்டுப்பாட்டு அறையில் மாப்பிள்ளை. கீழே வால்வுக்குப் பக்கத்தில் நானும் ஊசி மேடமும். தொலைபேசியை எடுத்ததும் மறுமுனையில் மாப்பிள்ளை மூச்சு விடுவது கேட்டது. அதற்குள் அவருக்குச் சொல்லிவிட்டிருந்தார்கள். "ஏன் மச்சான் இப்படிப் பண்ணீங்க?" என்று மட்டும் கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. தண்டின் மேல் பழைய கிரீஸ் காய்ந்து, பழுப்பேறிப் பொருக்குத் தட்டிக் கிடந்தது. தண்டில் பொருத்திய முள் 'திறப்பு' என்ற கோட்டில் நின்றது. அது இறங்கி, கீழே 'மூடல்' என்ற கோட்டைத் தொட வேண்டும். எட்டிலே மூடிவிடு, பத்திலேயாவது மூடிவிடு என்று மனசுக்குள் கெஞ்சினேன். இரும்பைப் பார்த்து அப்படிக் கெஞ்சியவன் உலகத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

"மூடறேன்," என்றார் மாப்பிள்ளை.

மோட்டார் உறுமியது. முள் இறங்க ஆரம்பித்தது. ஊசி மேடம் கையில் ஸ்டாப்வாட்ச் கடிகாரம். முதல் மூன்று நொடி நன்றாகத்தான் இறங்கியது, எனக்கு உயிர் வந்தது. ஐந்தாவது நொடியில் கிறீச்சென்று ஒரு சத்தம். பொருக்கு உதிர்ந்து என் காலணி மேல் விழுந்தது. ஏழு, எட்டு. முள் நகர்கிறதா நிற்கிறதா என்று தெரியாத மாதிரி நகர்ந்தது. பத்து. மோட்டாரின் உறுமல் கனத்தது. பதினொன்று. சுமை தாங்காமல் மின்சாரம் டக்கென்று வெட்டிக்கொண்டது, மோட்டார் நின்றது. அந்த அறையில் அவ்வளவு அமைதியை நான் கேட்டதில்லை.

"மச்சான்," என்றது தொலைபேசி. "இங்க திறந்ததுக்கான சிவப்பு, மூடினதுக்கான பச்சை ரெண்டு விளக்கும் எரியுது. மூடிடுச்சா?"

நான் ஊசி மேடத்தைப் பார்த்தேன். அவர் கடிகாரத்தை நிறுத்த மறந்து நின்றார், அது ஓடிக்கொண்டே இருந்தது.

"மச்சான், சொல்லுங்க. மூடிடுச்சா இல்லையா?"

முள்ளுக்கும் கோட்டுக்கும் நடுவில் என் கையை வைத்துப் பார்த்தேன். நான்கு விரலும் தாராளமாக உள்ளே போயின.