ஒரே ஒரு ரவுண்டு

ஃபிட்டர் படகின் மேல்தளத்தில் முட்டி போட்டு, உடைந்த கைப்பிடிக் கம்பியைக் கழற்றிவிட்டுப் புதியதை நிறுத்தினான். தளத்துக்கு அடியில், ஆள் நிமிர முடியாத இடுக்கில், அவன் மனைவி டார்ச்சைப் பல்லில் கடித்தபடி மல்லாந்து கிடந்தாள். அவன் மேலிருந்து போல்ட்டை இறக்க, அவள் கீழிருந்து நட்டை முடுக்க வேண்டும். அந்த இடுக்கில் அவன் தொப்பை நுழையாது. அதனால்தான் கல்யாணமான கையோடு அவளும் இந்த வேலைக்கு வந்துவிட்டாள்.

முதல் போல்ட்டை முடுக்கி முடித்தபோது முதலாளி விருந்தாளிகளோடு வந்து இறங்கினார்.

"முதலாளி, கம்பி இன்னும் நிக்கல. ஒரு போல்ட்தான் போட்டிருக்கு."

"ஒரே ஒரு ரவுண்டுப்பா. நீ புடிச்சுக்கோ. அவங்ககிட்ட எதையும் சொல்லி வைக்காத, பயந்துடுவாங்க."

"கீழ என் சம்சாரம் இருக்கா."

"இருக்கட்டுமே, வெயில் படாது."

அதற்குள் யாரோ குளிர்பானப் பெட்டியை இழுத்து இடுக்கின் மூடிமேல் வைத்துவிட்டார்கள். ஒரு பருத்த பெரியவர் அதன்மேல் உட்கார்ந்தும் விட்டார். எஞ்சின் உறுமியது. படகு ஒரு குதி குதித்தது.

போல்ட் துளை வழியாகக் குரல் வந்தது. "யோவ்! நட்டு டப்பா கவுந்துபோச்சு!"

"பொறுக்கு!"

"எண்ணெய்த் தண்ணியில துழாவிக்கிட்டு இருக்கேன். நீ மேல நல்லா காத்து வாங்கு!"

பெரியவர் தன் காலடியைப் பார்த்தார். "யாரோ பொம்பள பேசற மாதிரி இருக்கே?"

"எஞ்சின் சத்தம்," என்றார் முதலாளி.

"திட்டற மாதிரியில்ல இருக்கு?"

"பழைய எஞ்சின்."

"யாரு பழசு?" என்றது தளம்.

கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெண் படம் எடுத்துக்கொள்ள வந்து கம்பியில் சாய்ந்தாள். கம்பி லேசாக வெளிப்பக்கம் நகர்ந்தது. ஃபிட்டர் பல்லைக் கடித்துக்கொண்டு அதை இழுத்துப் பிடித்தான்.

"சாயாதீங்கம்மா..."

முதலாளி முறைத்தார். செல்போன் வைத்திருந்தவன் கையை ஆட்டினான். "கொஞ்சம் குனிஞ்சுக்கப்பா, படத்துல விழற."

குனிந்தான்.

"இன்னும்."

தரையோடு தரையாகக் குப்புறப் படுத்தான். பிடியை மட்டும் விடவில்லை.

"ஒரு நட்டு கெடச்சிடுச்சு!" என்றது கீழிருந்து குரல். "கம்பிய புடிச்சிருக்கியா?"

"புடிச்சிருக்கேன்."

அந்தப் பெண் கைப்பையை வைக்க இடம் தேடினாள். தளமெங்கும் ஈரம். பையை அவன் முதுகின்மேல் பதனமாக வைத்துவிட்டு, கம்பியில் இன்னும் நன்றாகச் சாய்ந்துகொண்டு சிரித்தாள்.