குசினியில் ஒரு கிறிஸ்துமஸ்

என் மருமகள் பிலோமினா கிறிஸ்தவப் பெண். அந்தமானில் பாராடாங் தீவில் குடியிருக்கும் ராஞ்சிக்காரர் மகள். என் மகன் பிரேம் அவளைக் காதலித்துக் கட்டி எங்கள் ஊரான ஹட் பேக்கு அழைத்து வந்த நாளிலிருந்து அவள் அப்பா சைமன் எங்களோடு பேச்சை நிறுத்திவிட்டார். ஏழு மாதம் கழித்து, டிசம்பரில் மகளுக்குப் போன் செய்தார். கிறிஸ்துமஸ் அன்று வருகிறாராம். அந்த வீட்டில் உனக்குக் கிறிஸ்துமஸ் இருக்காது, என்னோடு கிளம்பிவிடு என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. சிலோன் தேயிலைத் தோட்டம், கச்சால் தீவு ரப்பர் தோட்டம், சுனாமிக்குப் பிறகு ஹட் பே என்று மூன்று இடத்தில் குடும்பத்தை நிமிர்த்தியவள் நான். ஒரு கிறிஸ்துமஸை நடத்த எனக்குத் தெரியாதா?

ஆனால் எங்கே நடத்துவது? என் வீட்டுக்காரர் தம்பையா ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தார். ஹால் முழுக்கச் சாமி படமும் விளக்கும். மாலையானால் பஜனை. சுனாமி நிவாரணமாகக் கிடைத்த தகரக் கூரை வீட்டில் மிச்சமிருந்தது சமைக்கிற குசினி மட்டும்தான். மலைக்குப் போகக் கப்பல் டிக்கெட் எடுத்ததில் கைக்காசும் காலி.

"வேணாம் அத்தே. நான் சர்ச்சுக்குப் போயிட்டு வந்துர்றேன். அது போதும்" என்றாள் பிலோமினா.

"நீ சும்மா இரு. ஒங்கப்பா கண்ணால பாத்துட்டுப் போகட்டும்."

முதலில் வீட்டில் கிடந்த பழைய சுண்ணாம்பைச் சுவருக்கு அடித்தேன். பாத்திரங்களைப் புளி போட்டுத் தேய்த்து வரிசையாக அடுக்கினேன். பால்பவுடர் பாக்கெட்டின் உள்பக்கம் வெள்ளி மாதிரி மின்னும். அதை நட்சத்திரமாக வெட்டித் தகரக் கூரையிலிருந்து தொங்கவிட்டோம். எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் உதிர்ந்து கிடக்கும் பழத்தைக் கேட்க ஆளில்லை. சிவப்பும் ஆரஞ்சுமாகப் பொறுக்கி வந்து மாலை கோத்தேன். வாசற்படிக்குத் தென்னங்குருத்துத் தோரணம், தரையில் நட்சத்திரக் கோலம். பஜாரில் காசு கொடுத்து வாங்கியது ஊசிநூல் ஒன்றுதான்.

மாட்டுத் தொழுவம் வேண்டும் என்றாள் பிலோமினா. விறகடுப்பை ஓரங்கட்டி வைக்கோல் பரப்பினேன். அடுப்பு மெழுகும் மண்ணில் அவளே மாதா, சூசையப்பர், மாடு எல்லாம் பிடித்தாள். மாடு ஆடு மாதிரி இருந்தது. நான் சொல்லவில்லை.

கிறிஸ்துமஸ் காலையில் சர்ச்சிலிருந்து வந்ததும் கட்டைவிரல் அளவில் பிடித்த குழந்தை யேசுவை வைக்கோலில் படுக்கவைத்துவிட்டு அவள் சேலை மாற்றப் போனாள். நான் குனிந்து பார்த்தேன். அத்தனை அழகு. கண்மையை எடுத்துக் குழந்தையின் கன்னத்தில் ஒரு பொட்டு வைத்தேன்.

பத்து மணிக்குச் சைமன் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் குசினிக்குள் நுழைந்தவர் நட்சத்திரங்களை அண்ணாந்து பார்த்தார். தொழுவத்தின் முன் குனிந்தார். முகம் இறுகியது. பிலோமினாவும் அப்போதுதான் அந்தப் பொட்டைப் பார்த்தாள். பதறிப்போய் என் பக்கம் திரும்பினாள்.

"யேசுவுக்கு யார் மை வச்சது?" என்று ஹிந்தியில் கேட்டார்.

தெய்வக் குற்றமாகிவிட்டதோ? ஆனாலும் எனக்குத் தெரிந்த ஹிந்தியில் நிமிர்ந்தே சொன்னேன். "நான்தான் சம்பந்தி. எங்க வீட்ல பொறந்திருக்கிற புள்ள. ஊரே வந்து பாக்கப் போகுது. ஊரு கண்ணு, நஜர் பட்டுரும்ல?"

அவர் குழந்தையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு அடுப்போரம் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"சாமி, சாப்பிடுங்க" என்று தம்பையா இலை போட்டார். விரத வீடு, கறி கிடையாது. சைமன் அதைப் பற்றிக் கேட்கவேயில்லை. பாயசத்தை இரண்டு தரம் வாங்கிக் குடித்தார். கை கழுவிவிட்டு மகளைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு நான் மட்டும் கப்பல் ஏறுறேன். அடுத்த வருஷம் உங்கம்மாவையும் இங்க கூட்டிட்டு வர்றேன். அவளும் இந்தக் குசினியப் பாக்கணும்."

பிலோமினா என் தோளைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. ஆனால் சம்பந்தி எதிரில் அதைக் காட்டிக்கொள்ள முடியுமா? "பாயசம் இன்னுங் கொஞ்சம் இருக்கு, குடிக்கிறீங்களா?" என்று கேட்டேன்.