மீசையை எடுத்துவிட்டு வரவும்

மூக்குக்கு வைத்தியம் பார்க்கப் போனால் மீசையைக் கேட்பார்கள் என்று குற்றாலிங்கம் கனவிலும் நினைக்கவில்லை.

சீசனுக்கு மதராஸ் டாக்டர் ஒருவர் குற்றாலத்தில் பங்களா எடுத்துத் தங்கியிருந்தார். கோணல் மூக்கை ஆபரேஷன் செய்து நேராக்குகிறவர் என்று பேச்சு. குற்றாலிங்கம் மூன்று நாள் அலைந்து, கம்பவுண்டர் பீர் மைதீனைப் பிடித்து, வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு நேரம் வாங்கிவிட்டான். அன்று மத்தியானமே டாக்டர் ஊருக்குக் கிளம்புகிறார்.

"மீசையைச் சுத்தமா எடுத்துட்டு வாங்க. மூக்குக்கு அடியில தையல் போடுத எடத்தை டாக்டர் பாக்கணும்" என்றார் பீர் மைதீன்.

"மீசையையா?"

"மூக்கு வேணுமா, மீசை வேணுமா அண்ணாச்சி?"

ஆய்க்குடியில் அவன் வீட்டு வழக்கப்படி மீசையை எடுப்பது ஒரே ஒரு நாள்தான்; அப்பனைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோகிற நாள். அவன் அப்பா மாடக்கண்ணுவோ குத்துக்கல்லாட்டம் இருக்கிறார். ஊர் வாய் சும்மா இருக்குமா?

அந்த மூக்கை உடைத்ததும் அவர்தான். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போன பதினாலு வயதுப் பையனை அருவியில் கண்டதும், மண்வெட்டிக் காம்பால் ஒரே வீச்சு. பதினைந்து வருஷமாக வீட்டில் அதைப் பற்றி ஒரு பேச்சு கிடையாது. கடையத்தில் பெண் பார்க்கப் போனபோது ஜன்னலுக்குப் பின்னால் கேட்ட சிரிப்பை மட்டும் அவனால் மறக்க முடியவில்லை.

வியாழக்கிழமை காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. கண்ணாடியை எடுப்பான், விரலால் மீசையை மறைத்துப் பார்ப்பான், வைப்பான். தொழுவுக்குப் போவான், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்புவான். அப்பாவிடம் என்னவென்று சொல்வது? நீங்கள் உடைத்ததைச் சரிபண்ணப் போகிறேன், அதற்கு உங்களைச் செத்தவராக்க வேண்டும் என்றா? சொல்லாமலே தென்காசிக்கு நடையைக் கட்டினான்.

சவரக் கடை செல்லச்சாமி பதறிப்போனார்.

"மீசையா? பெரியவருக்கு என்னமும்..."

"அவரு நல்லாத்தான் இருக்காரு. எடும்."

"எங் கையால வேண்டாம்யா. அவர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க."

குற்றாலிங்கம் எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழப் போனான். வாசலில் மாடக்கண்ணு நின்றார். பீர் மைதீன் வழியில் பார்த்து எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டிருந்தார்.

"எந்திலே" என்றார்.

குற்றாலிங்கத்தின் கை தானாக மூக்கைப் பொத்திக்கொண்டது. மாடக்கண்ணு அதைப் பார்த்தார். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, மகன் விட்ட நாற்காலியில் உட்கார்ந்தார்.

"செல்லச்சாமி, மொதல்ல எனக்கு எடு."

"அய்யா!"

"எடுவே. இவன் மூஞ்சியைப் பாத்துட்டு ஒருத்தனும் அப்பன் எப்பம் செத்தான்னு கேக்கப்படாது. நாளைக்கு நானும் கூடப் போறேன்."

தன் அப்பனுக்காக எடுத்தபின் முப்பது வருஷம் வளர்த்த மீசை. கத்தி பட்டதும் கண்ணை இறுக மூடிக்கொண்டார். மீசை போன முகம் யாரோ ஒரு சாதுவான கிழவருடையதாக இருந்தது.

அவர் கண்ணாடியைப் பார்க்கவே இல்லை.

"எப்பிடி ஒடஞ்சுதுன்னு டாக்டர் கேப்பாருல்லா?"

"மாடு முட்டிட்டுன்னு சொல்லிருதேன்ப்பா."

"வேண்டாம்லே" என்றார் மாடக்கண்ணு. "நான் சொல்லுதேன்."