நிரப்பி வைத்த பாட்டில்கள்

ஒயினுக்குப் பேர்போன பொயாக் ஊர்ப் பக்கத்தில் அன்செல்மை யாரும் அன்செல்ம் என்று கூப்பிட்டது கிடையாது. மூக்கன் என்றுதான். ஒயின் கிடங்கு வேலையிலேயே தேய்ந்த ஆள். பீப்பாயைத் திறந்த மாத்திரத்தில் இது தேறும், இது தேறாது என்று சொல்லிவிடுவான். அந்த மோப்பம், போன குளிர்காலத்தில் வந்த காய்ச்சலோடு போய்விட்டது. காப்பி வெறும் சுடுதண்ணியாக இருந்தது. வரும், பொறுத்திரு என்றார் வைத்தியர். வரவில்லை. அன்செல்ம் வெளியே மூச்சு விடவில்லை. மூக்கன் என்று பேர் வாங்கினவன் அதை எந்த முகத்தோடு சொல்லுவான்?

அவன் நிலவறையில் எண்பத்திரண்டாம் வருஷத்துச் சிவப்பு ஒயின் ஒரு பெட்டி, பன்னிரண்டு பாட்டில், கிடந்தது. அது அவனுக்கும் கூட்டாளி யூலிஸுக்கும் பொது. அந்த வருஷம் இரண்டு பேரும் ஒரே வரிசையில் நின்று திராட்சை பறித்தவர்கள். முதலாளி மனசு குளிர்ந்து கொடுத்தது. ஒருத்தனை விட்டு ஒருத்தன் குடிக்கக்கூடாது என்று பேச்சு. இன்னும் கொஞ்சம் கனியட்டும், இன்னும் கொஞ்சம் கனியட்டும் என்று தள்ளிப்போட்டதில் தலை நரைத்துப்போனது. இப்போது யூலிஸுக்கு நுரையீரல் அரித்துப்போய்விட்டது. அடுத்த அறுவடைக்கு நான் இருக்கமாட்டேன் என்று அவனே சொல்லிக்கொண்டிருந்தான். அவன் ஆசைப்பட்டது ஒன்றுதான். அந்த எண்பத்திரண்டை ஒரு வாய் குடித்துவிட்டுப் போகணும்.

அன்செல்ம் இறங்கிப் பார்த்தான். தக்கைகள் சுருங்கி, ஒயின் பாட்டிலின் தோள்பட்டைக்கு இறங்கியிருந்தது. இப்படியே விட்டால் காற்று பட்டு வீணாகிவிடும். இதற்குத் தொழிலில் ஒரு வழி உண்டு. ஒரு பாட்டிலைப் பலி கொடுத்து மற்றதையெல்லாம் கழுத்துவரை நிரப்பி, புதுத் தக்கை அடிக்க வேண்டும். ஆனால் பலி கொடுக்கும் பாட்டிலை முதலில் மோந்து பார்க்க வேண்டும்; தக்கையில் பூஞ்சை பிடித்து ஒயின் கெட்டிருந்தால் அது நாக்குக்குத் தெரியாது, மூக்குக்குத்தான் தெரியும். அது கெட்டிருந்தால் அத்தனையும் கெட்டது.

போனில் அவனிடம் விஷயத்தைச் சொன்னபோது, கொஞ்சம் பொறு, நான் வந்து மோந்து பார்க்கிறேன் என்றுதான் யூலிஸ் சொன்னான்.

“என் மூக்கு இருக்கும்போது உன் மூக்கு எதுக்குடா?” என்றான் அன்செல்ம்.

திறந்தான். மோந்தான். சுவரை மோந்த மாதிரி இருந்தது. நாக்கில் விட்டதில் புளிப்பும் துவர்ப்பும் சரியாக நின்றன. அதை நம்பி பதினொன்றிலும் ஊற்றித் தக்கை அடித்துவிட்டான்.

ஒரு மாதம் ஓய்வு கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு யூலிஸைக் கூப்பிட்டான். யூலிஸின் மகள் சொலேன் அவனைக் காரில் கொண்டுவந்து, மூச்சுக்காற்று சிலிண்டரோடு நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுப் போனாள். ஆட்டுத்தொடை வறுத்து மேஜையில் இருந்தது. யூலிஸ் மூக்கிலிருந்த குழாயைக் கழற்றி வைத்துவிட்டு கிளாஸை எடுத்தான். வெகுநேரம் மோந்தான். குடிக்காமல் கீழே வைத்தான்.

தக்கை கெடுத்திருக்கிறது, பரவாயில்லை, பெட்டிக்கு ஒன்று அப்படித்தான் அமையும் என்றான். அடுத்ததைத் திறந்தார்கள். அதையும் மோந்துவிட்டு நகர்த்தி வைத்தான். மூன்றாவது வந்தபோது அவன் கிளாஸைப் பார்க்கவில்லை, அன்செல்ம் முகத்தைப் பார்த்தான்.

“மூக்கா, நீ சொல்லு. என்ன வாசம்?”

அன்செல்ம் கிளாஸுக்குள் மூக்கை விட்டான். பழகின வாய் பழகினதைச் சொன்னது.

“பழைய தோலு... கொஞ்சம் புகையிலை. அடியில கருந்திராட்சை.”

“ஈரக் கோணிடா. நனைஞ்ச நாய் வந்து படுத்த மாதிரி அடிக்குது.” யூலிஸ் குழாயை மறுபடி மாட்டிக்கொண்டு மூச்சு வாங்கினான். “எப்பப் போச்சு உனக்கு?”

“ஜனவரில.”

“நிரப்புறதுக்கு முன்னாடியேவா?”

ஆமென்று அன்செல்ம் தலையை ஆட்டினான்.

“ஒரு வார்த்த சொல்லியிருந்தா தவழ்ந்தாவது வந்திருப்பேனே.”

மிச்சத்தையும் திறந்து பார்ப்போம், ஒன்றாவது தப்பியிருக்கும் என்று அன்செல்ம் எழுந்தான். எல்லாத்துலயும் அதே பாட்டில்தானே ஊத்தின, உட்காரு என்றான் யூலிஸ். ஒரு துளி விஷம் போதும் ஒரு குடத்துக்கு. அதை இந்தத் தொழிலில் இருக்கிறவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கறி ஆறிக் கொழுப்பு உறைந்தது. யூலிஸ் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தான்.

சொலேன் வந்தவள் வாசல்படியிலேயே முகத்தைச் சுளித்தாள்.

“என்ன மாமா, துணி காயாம மக்கிப்போச்சா? வீடே நாறுது.” நேராகப் போய் ஜன்னலைத் திறந்தாள்.

அவ்வளவு நாற்றமா என்று அன்செல்முக்கு அப்போதுதான் தெரிந்தது. மேஜையில் மூன்று கிளாஸ் நிறைந்து நின்றது. எவ்வளவு அழகான சிவப்பு.

காருக்குள் யூலிஸை ஏற்ற இரண்டு பேர் வேண்டியிருந்தது. ஏற்றிவிட்டும் அன்செல்ம் கதவை விடவில்லை.

“திட்டிட்டாவது போடா.”

“அதுக்கும் மூச்சு வேணுமே” என்றான் யூலிஸ். முகத்தைத் திருப்பிக்கொண்டான். சொலேன் வந்து, மாமாவின் கையை மெல்ல எடுத்துவிட்டு, கதவைச் சாத்தினாள்.