இறக்கத்தில் அணைத்த என்ஜின்

உச்சி வளைவு தாண்டியதும் மிலிசாவ் வழக்கம்போல என்ஜினை அணைத்தார். கார் சத்தமில்லாமல் உஷிட்ஸே சந்தையை நோக்கி உருண்டது. பின் சீட்டில் கைமாக் என்னும் பாலேடு நிரப்பிய வாளிகள். பக்கத்தில் மனைவி ரதோய்கா.

அவளும் காசைத் தண்ணீராய் இறைப்பவள் அல்ல. நாட்டின் மேல் பொருளாதாரத் தடை இருந்த வருடங்களில், சாலையோரத்தில் பெட்ரோலை பிளாஸ்டிக் பாட்டிலில் வாங்கிய காலத்தில், இறக்கமென்றால் ஊரே என்ஜினை அணைத்தது. அன்று அது சிக்கனம். பாட்டில்காரர்கள் போய்த் தொலைந்தும் மிலிசாவ் விடவில்லை. அவருடைய பழைய காரில் பிரேக் பிடிக்கக் கால் பலம் போதும், பிழைத்துக்கொண்டார்கள். இந்தக் காரை வியன்னாவிலிருந்து வந்த மகன் போன வாரம்தான் விட்டுப்போனான். இதில் பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் என்ஜின்தான் பலம், இறக்கத்தில் அதை அணைக்கவே கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னான். சம்பளக் கொழுப்பு என்றார் மிலிசாவ், அவன் போன பிறகு.

முதல் வளைவில் பிரேக் பிடித்தது. அடுத்ததில் பாதி பிடித்தது. அதற்கடுத்ததில் மிதி கல்லாகிவிட்டது. அவர் இரண்டு காலையும் வைத்து மிதித்தார். ஸ்டியரிங்கும் கனத்துப்போய்த் திரும்ப மறுத்தது. முன்னே மரம் ஏற்றிய லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. கட்டைகளின் வெட்டுமுகங்கள் கண்ணாடியை நோக்கிப் பெரிதாகிக்கொண்டே வந்தன. மிலிசாவ் வாய் திறந்தபடி இருந்தார். ரதோய்கா கைபிரேக்கை இரு கையாலும் பிடித்து இழுத்தாள்.

கார் சறுக்கி, மலைச்சுவரை உரசி நின்றது. கழுத்தில் ஏதோ வழிந்தது. தொட்டு, விரலைப் பார்த்தாள். ரத்தமில்லை, கைமாக்.

பிறகு அவர் என்ஜினைப் போட்டு மிதியை அழுத்தினார். அது மெத்தென்று இறங்கியது. மறுபடி அழுத்தினார். முகம் வெளுத்தது.

"பிரேக் நல்லாத்தான் இருக்கு," என்றார். "நான்தான்..."

"சாவிய குடு, கெழவா."

"இனிமே அணைக்க மாட்டேன்."

"மகன்கிட்டயும் இப்படித்தான் தலைய ஆட்டுன. குடு. சாவறதுக்கு எனக்கு அவசரமில்ல."

சாவியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, உடையாத வாளிகளைத் தூக்கி, வந்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தினாள். அவர் பின்னாலேயே ஏறினார். ஓய்வூதியக்காரருக்குச் சலுகை உண்டு, அட்டை இருக்கிறதா என்று கண்டக்டர் கேட்டான். சலுகைக்காகக் கண்டக்டர்களோடு மல்லுக்கட்டியே வயதானவர் மிலிசாவ். அட்டையை எடுக்கவில்லை. இரண்டு முழு டிக்கெட்டுக்குப் பணம் நீட்டினார். மீதியையும் எண்ணவில்லை.

அதைப் பார்த்த பிறகுதான் ரதோய்காவுக்கு உடம்பு உதறத் தொடங்கியது.