நனைந்த கொடி

ஜெசிந்தா மேரி கணவர் லூர்து பிரகாஷை ஒருக்களித்துப் படுக்கவைத்து, அழுக்கு விரிப்பை உருவிக்கொண்டிருந்தபோது அவர் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தார். பிடி என்று சொல்ல முடியாது; விரல்கள் சும்மா அங்கே கிடந்தன. முதல்நாள்தான் ஃபாதர் வந்து எண்ணெய் பூசி, கடைசி நோய்ப்பூசுதல் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். உறுவையாறு ஊரில் பாதிப்பேர் அப்போதே அழுது முடித்துவிட்டார்கள். அவர்தான் கிளம்ப மனமில்லாமல் அடம்பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஜெசி, அன்னிக்குக் கொடி நனைஞ்சிருந்துச்சிடி."

எந்தக் கொடி என்று அவள் கேட்கவில்லை. இரண்டு வருடங்களாக அந்த வீட்டில் யாரும் பேச்செடுக்காத கொடி அது.

இருவரும் போலீஸ் துப்பாக்கி சுடும் போட்டி அணியில் இருந்தவர்கள். முந்நூறு மீட்டர் தள்ளி நிற்கும் இலக்கை அவள் சுடுவாள். அவர் பக்கத்தில் டெலஸ்கோப்போடு உட்கார்ந்து காற்றைப் பார்த்துச் சொல்வார். அவர் சொன்னபடி துப்பாக்கியில் குறிபார்க்கும் சைட்டை இத்தனை கிளிக் என்று திருப்பிவிட்டு அவள் விசையை அழுத்துவாள். கடைசிப் போட்டியன்று மழை விட்ட கையோடு, காற்றைக் காட்டும் மைதானத்துக் கொடி தொங்குவதைப் பார்த்துவிட்டு, "காத்தே இல்ல, நேரா அடி" என்றார். கொடி தொங்கியது தண்ணீர் பாரத்தில். காற்று அடித்துக்கொண்டுதான் இருந்தது. குண்டு இடதுபக்கம் ஒதுங்கி, பதக்கம் போயிற்று. விசையை வெடுக்கென்று இழுத்துவிட்டேன் என்று எல்லோரிடமும் சொல்லி, பழியை அவளே ஏற்றுக்கொண்டாள். அடுத்த மாதமே அவருக்குச் சிறுநீரகம் கெட்டது. அதன்பிறகு அவள் ஒரு போட்டிக்கும் போகவில்லை.

"தெரியும்ங்க," என்றாள். "நடுவுல புல்லு சாஞ்சிகினு இருந்துச்சி. நானும் பாத்தேன்."

"பாத்தியா? அப்புறம் இன்னாத்துக்கு நேரா அடிச்ச?"

"நீங்க சொன்னீங்களே."

அவருக்குச் சிரிப்பு வந்தது, கூடவே இருமலும். "லூசு. நான் பூட்டா உனக்குக் காத்து பாக்க ஆளில்லையேன்னு இத்தினி நாளா கெடந்து மறுகுறேன். போடி, போய்ச் சுடு. உன் கண்ண நம்பு."

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சாகக் கிடக்கும் நேரத்தில் பேசுகிற பேச்சா இது? பதில் சொல்லாமல் புது விரிப்பை இழுத்துச் செருகினாள். கஞ்சி எடுத்துக்கொண்டு திரும்பி வந்தபோது அவர் மூச்சு நின்றிருந்தது. ஒரு 'சரி' சொல்லியிருக்கலாம்.

மாலை கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் மண் போட்டு முடித்துக் கலைந்தார்கள். அணித்தலைவன் நவீன்குமார் மட்டும் தயங்கி நின்றான்.

"அக்கா, கேக்கக் கூடாதுதான். முப்பதாம் நாள் பூசைக்கு முன்னாடியே செலக்‌ஷன் வருது. சார் சொன்னாருன்னு உங்க பேரக் குடுத்து வச்சிருந்தேன். எடுத்துரட்டுமா?"

அவரே சொல்லியிருக்கிறார். அவளுக்குச் சிரிக்கவும் தோன்றியது, அழவும் தோன்றியது.

"பேரு இருக்கட்டும்பா."

"காத்து பாக்க நான் வேணா ஒக்காரட்டுமாக்கா?"

அவள் மதிலுக்கு அப்பால் பார்த்தாள். கிட்டத்துக் கரும்பில் ஒரு தோகைகூட அசையவில்லை. நடுவில் வாய்க்கால் கரை நாணல் லேசாகச் சாய்ந்திருந்தது. தூரத்துத் தென்னைகள் நன்றாகவே வளைந்து கொடுத்தன. மூன்றையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு நவீன்குமாரை விட்டுவிட்டு, ஈரம் காயாத மண்மேட்டின் பக்கம் திரும்பினாள்.

"இடதுலேர்ந்து வருது," என்றாள். "மூணு கிளிக். சரிதானுங்களே?"