எல்லாக் கட்டங்களையும் நிரப்பியவள்

"பதிவு எதுவும் இல்லை" என்று ஏழாவது முறையாகச் சொன்னது அந்த இணையதளம். எனக்கு வந்த கோபத்தில் மடிக்கணினியைச் சன்னல் வழியாக எறிந்திருப்பேன். மகளுடையது என்பதால் பிழைத்தது.

என் தம்பி வாலண்டைன் பெக்கோக் ஊருக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவன். அப்பா பிறப்புப் பத்திரம் எடுக்காததால், ஐம்பத்தைந்து வயதிலும் அவனுடைய அடையாள அட்டை சிவப்பு ஐசிதான். குடிமகன் என்று சொல்லும் நீல ஐசி இல்லை. வெள்ளிக்கிழமை குடியுரிமை நேர்காணல். பிறந்ததற்கு ஒரு பழைய பதிவும், அப்போதே பெரியவராக இருந்த ஒருவரின் சாட்சியும் வேண்டுமாம். தோட்டத்துப் பெரியவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், ஜெரால்டின் அத்தையைத் தவிர. அவரை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. அப்பா அடக்கத்தன்று சவப்பெட்டி மட்டமானது என்று எல்லார் முன்னாலும் சொன்னவர். பதினோரு வருடமாகப் பேச்சில்லை.

பழைய ஞானஸ்நானப் பதிவேடுகள் இந்தத் தளத்தில் இருப்பதாக மாதா கோயிலில் சொன்னார்கள். பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, தோட்டம், ஞானஸ்நானத் தேதி என்று கட்டம் கட்டமாகக் கேட்டது. ஒன்று விடாமல் நிரப்பினேன். தெரியாத இடத்தில் பிறந்த தேதியையே போட்டேன். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் அலுவலகத்தில் விண்ணப்பப் பாரத்தைத் திருப்பித் தந்துவிடுவார்களே, அந்தப் பயம். எட்டாவது முறையும் இல்லை. அப்படியானால் இவன் பிறக்கவே இல்லையா? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"கெடைக்கலனா விடுங்கக்கா," என்றான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வாலண்டைன்.

"வாய மூடு. ஒனக்காகத்தான மாரடிக்கிறேன்."

சிங்கப்பூரில் வேலை செய்யும் மகள் லோஷினி மதிய இடைவேளையில் அழைத்தாள். என் புலம்பலைக் கேட்டுச் சிரித்தாள்.

"இது பாரம் இல்லலா, அம்மா. எல்லாத்தையும் போட்டா, எல்லாமே ஒத்துப்போற பதிவத்தான் காட்டும். ஒண்ணு தப்பா இருந்தாலும் வராது. நிச்சயமா தெரிஞ்சத மட்டும் போடுங்க."

நிச்சயமாக எனக்கு என்ன தெரியும்? பிறந்த தேதிகூட அப்பா குத்துமதிப்பாகச் சொன்னதுதான். வருடத்தில் மட்டும் சந்தேகமில்லை, நான் பள்ளியில் சேர்ந்த வருடத்தின் தொடக்கம் அது. சாமியார் எங்கள் தோட்டத்துக்கு வருவதோ வருடத்துக்கு ஒரே நாள், அந்தோணியார் திருநாளன்று. பிள்ளைகளுக்கெல்லாம் அன்றுதான் ஞானஸ்நானம். மற்றதையெல்லாம் அழித்துவிட்டு 1970 ஜூன் 13 என்று மட்டும் போட்டேன்.

பதினான்கு பிள்ளைகள் வந்தார்கள். ஒன்பதாவது, வாலண்டைன். பிறந்த இடம், எங்கள் தோட்டம். அழுதுவிட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்துக் கட்டத்தைப் படித்தேன்.

ஞானத்தாய், ஜெரால்டின்.

"அத்தையா ஒன்ன ஏந்திக்கிட்ட ஞானத்தாய்?"

"தெரியும்க்கா. கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் போய்ப் பாக்குறேன். எப்ப கூப்பிட்டாலும் வந்து கையெழுத்துப் போடுறேன்னுதான் சொல்றாங்க."

"ஏண்டா எங்கிட்ட சொல்லல?"

தலையைக் குனிந்துகொண்டான். "அவங்க பேர எடுத்தா, நீங்க எங்கிட்டயும் பேசாமப் போயிடுவீங்க."

நாங்கள் இருக்கும் இதே செடெனாக்கில், நாலு தெரு தள்ளித்தான் அத்தை வீடு. எழுந்துபோய்ச் செருப்பைத் தேடினேன்.